ராஜகுமாரிக்கு ராஜகுமாரி எழுதிய கடிதம்

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் போளூரில் பூண்டு ஊன்றிக்கொண்டிருப்பவரிடம் போய், "எத்தனை மூட்டை விதை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடிக்கவெல்லாம் வரமாட்டார்கள், தங்கமான சனங்கள். ஆனால் "கெடக்கு, கொஞ்சம் கெடக்கு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஐப்பசியில் ஊன்றினால், முளை மண்ணைக் கீறிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் பேச்செல்லாம். அதற்கு முன்னால் வாயைத் திறந்தால் கண்ணு பட்டுவிடுமாம். வண்டி வாங்கப் போனாலும் அப்படித்தான், பெண் பார்க்கப் போனாலும் அப்படித்தான். காரியம் முடியட்டும், அப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற நாற்பத்தொரு பேரிடம் "ஒரு வேலையை ஆரம்பிக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்" என்று தினமும் கெஞ்சுவதைத் தொழிலாக வைத்திருப்பவர் ராஜகுமாரி. வயது முப்பத்தாறு. திண்டுக்கல்லில் படித்தவர், கோயம்புத்தூரில் நான்கு வருடம் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பார்த்தவர், சேனாதிபதியைக் கட்டிக்கொண்டு மலையேறிப் பதினோரு வருடம் ஆகிறது.

என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல டைப் அடிக்குது" என்பார்கள். டைப்தான் அடிக்கிறார், இல்லை என்று யார் சொன்னது. லினக்ஸ் கர்னல் என்று ஒன்று இருக்கிறது. கைபேசியிலிருந்து பெரிய பெரிய செர்வர் வரைக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல். அது யாருக்கும் சொந்தமில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒருவர் ஒரு வரியை மாற்றுவார். அவர் மேசையிலுள்ள கம்ப்யூட்டருக்கு அது சரியாகத்தான் இருக்கும். வேறெங்கோ ஒரு பழைய சிப்புக்கு அதே வரி ஒத்துவராமல், மொத்த நிரலையும் சேர்த்துக் கட்டும்போது பாதியில் நின்றுவிடும். அதைத்தான் 'பில்டு உடைந்துவிட்டது' என்கிறார்கள். எது உடைந்தது, யாருடைய மாற்றத்துக்குப் பிறகு உடைந்தது, யார் சரிசெய்யப் போகிறார், செய்தாரா, இல்லை தூங்கிவிட்டாரா என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டு முடித்துவைப்பதுதான் ராஜகுமாரியின் சோலி. கட்டிப் பார்க்கிற வேலையை எங்கோ இருக்கும் மெஷின்கள் செய்துவிடும். மனிதர்களைக் கட்டி மேய்ப்பது இவர் பாடு. இரண்டில் எது கஷ்டம் என்று சொல்லவா வேண்டும்?

ஆபீஸ் எங்கே என்றால், பூண்டுக் கொட்டகையின் பரண். விதைப்பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்குகிற இடத்துக்கு நடுவே ஒரு மேசை, ஒரு நாற்காலி. வீட்டில் வேறெங்கும் போன் சிக்னல் நிற்காது, பரணில் மட்டும் இரண்டு கோடு காட்டும். போன வருடம் பெங்களூரில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது, இவர் மடிக்கணினியைத் திறந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்து, "யாராவது சாப்பாடு கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். ராஜகுமாரி முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, தானும் தேடுவது போல் பாவனை செய்தார்.

வேலையில் கெட்டிக்காரி. கர்னல் ஆட்கள் ரோஷக்காரர்கள். 'உன்னால் உடைந்தது' என்று எழுதினால் போச்சு, அன்றைக்கு முழுக்கச் சண்டைதான் நடக்கும், வேலை நடக்காது. ராஜகுமாரி அப்படி எழுதவே மாட்டார். போளூரில் பக்கத்துக் காட்டுக்காரர் மாடு நம் கேரட்டை மேய்ந்துவிட்டால், "உங்க மாடு மேஞ்சிருச்சு" என்று யாரும் போய் நிற்பதில்லை. "மாடு அவுந்துருச்சு போல, பாத்தீங்களா?" என்பார்கள். அவ்வளவுதான், அவர் பதறிக்கொண்டு கயிற்றோடு ஓடிவருவார். ராஜகுமாரியின் கடிதமும் அதே ரகம். "அன்புள்ள இன்னார், உங்கள் மாற்றத்துக்குப் பிறகு இந்த இடத்தில் பில்டு நிற்கிறது. நேரம் இருக்கும்போது பார்க்க முடியுமா? யார் பார்க்கப்போவது என்று முதலில் ஒரு வரி சொல்லிவிட்டால், இன்னொருவர் அதே வேலையைச் செய்யாமல் இருப்பார்." இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோய், கடைசியில் மெஷினே ஆளைக் கண்டுபிடித்துப் பெயரைப் போட்டு, நாற்பத்தொரு பேருக்கும் நகலோடு தன் பெயரிலேயே அனுப்பும்படி ஏற்பாடு செய்துவைத்திருந்தார்.

கர்னலில் ஒரு திருத்தம் ஏறும்போது அதன் அடியில் பெயர்கள் போகும். எழுதியவர் இன்னார், சரிபார்த்தவர் இன்னார், உடைந்ததைச் சொன்னவர் இன்னார் என்று. ராஜகுமாரியின் பெயர் 'சொன்னவர்' என்று இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் இருக்கிறது. 'எழுதியவர்' என்று ஓரிடத்தில்கூட இல்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் உள்ளுக்குள் அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

வினை போன தை மாதம் வந்தது. நீல்ஸ் என்று டென்மார்க்கில் ஒருவர். கர்னலில் யாரும் தேடாமல் கிடக்கும் பழைய பகுதிகளைக் கழித்துக்கட்டுவது அவர் பொறுப்பு. ஒரு பழைய சிப்பு வகையைக் குறிப்பிட்டு அவர் எல்லோருக்கும் எழுதினார். 'இதன் பொறுப்பாளர் விலகி இரண்டு வருடம் ஆகிறது. மாதம் ஒருமுறை உடைகிறது. இந்தச் சனிக்கிழமை மாலைக்குள் சரியாகாவிட்டால் மொத்தமாக நீக்கிவிடுகிறேன்.'

அந்த நாற்பத்தொரு பேருக்கும் அது ஒரு பழைய சிப்பு. ராஜகுமாரிக்கு அப்படியில்லை. போளூர்க் காட்டில் ஒன்பது இடத்தில் கம்பம் நட்டு, சின்னச் சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். விவசாயிகள் சேர்ந்து வாங்கியது. மார்கழி, தை மாதத்தில் விடியும் நேரத்தில் குளிர் இரண்டு டிகிரிக்கு இறங்கினால் பெட்டி எல்லோர் போனையும் அடிக்கும். எழுந்து ஓடித் தண்ணீரைத் தெளித்துவிட்டால் பூண்டும் உருளைக்கிழங்கும் தப்பும். தூங்கிவிட்டால் காலையில் பயிர் கருகிக் கிடக்கும். ஒன்பது பெட்டிக்குள்ளும் இருப்பது அந்தப் பழைய சிப்புதான். ராஜகுமாரி இந்தக் கர்னல் உலகத்துக்குள் வந்ததே அந்தப் பெட்டிகளைச் சரிசெய்யப் போய்த்தான். நீல்ஸ் நீக்கினாலும் பெட்டியில் இருக்கிற பழைய கர்னலிலேயே ஓட்டலாம்தான், ஆனால் நாளைக்கு ஒரு ஓட்டை தெரிந்தால் அடைத்துக் கொடுக்க ஆள் இருக்காது.

உடைந்த இடம் யானிக் என்ற ஜெர்மன்காரருடைய மாற்றத்தால் வந்தது. செவ்வாய்க்கிழமை ராஜகுமாரியின் பெயரில் வழக்கமான கடிதம் போனது. பதில் இல்லை. யானிக் பனிச்சறுக்கு விளையாடப் போயிருந்தார், புதன்கிழமையும் சத்தமில்லை. இங்கே ஒருவன் பனியால் பயிர் போகிறதே என்று பதைக்கிறான், அங்கே ஒருவன் பனியைத் தேடிப்போய் விளையாடுகிறான், உலகத்தை என்ன சொல்வது!

புதன்கிழமை மத்தியானம் ராஜகுமாரி தானே அந்த நிரலைத் திறந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க, ஒரு சின்னப் பகுதி இல்லாமல் போனதுதான் கோளாறு என்று புரிந்தது. எழுதிப் பார்த்தார். பதினோரு வரி. பில்டு ஓடியது. அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இறங்கிப் போய் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இப்போது அவர் என்ன செய்திருக்க வேண்டும்? மூன்று வருடமாக ஊருக்கெல்லாம் சொல்கிற அந்த ஒரு வரியை, 'இதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதை, எல்லோருக்கும் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. முதல் திருத்தம். தப்பாகப் போனால் நாற்பத்தொரு பேர் முன்னால் மானம் போகும். ஏறட்டும், ஏறின பிறகு சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அவர் முழுக்க முழுக்கப் போளூர்க்காரி.

ஜெயமுருகனுக்கு மட்டும் கமுக்கமாக அனுப்பினார். ஜெயமுருகன் பழனிப் பையன். அடிவாரத்தில் குடும்பத்துக்குப் பஞ்சாமிர்தக் கடை இருக்கிறது, அவர் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கர்னல் திருத்தங்களைச் சேர்த்து மேலே அனுப்புகிறவர். 'தம்பி, பாத்துட்டு உங்களுக்குள்ளயே வச்சுக்கங்க' என்று எழுதியிருந்தார். அக்காவின் முதல் திருத்தமாயிற்றே! ஜெயமுருகன் வியாழக்கிழமை காலையிலேயே காதும் காதும் வைத்தாற்போல் தன் தொகுப்பில் ஏற்றிவிட்டார்.

அதே வியாழக்கிழமை யானிக் விளையாட்டு முடிந்து திரும்பினார். ராஜகுமாரியின் செவ்வாய்க்கிழமைக் கடிதத்தைப் பார்த்தார். யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. 'நான் பார்க்கிறேன்' என்று ஒழுங்காக ஒரு வரி எழுதிவிட்டு, அன்று சாயங்காலமே சரிசெய்து தன் தொகுப்பில் ஏற்றினார். அந்த நேரம் பார்த்துப் போளூரில் சிக்னல் இல்லை. ராஜகுமாரி அந்த வரியைப் பார்க்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோர் தொகுப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார்கள். ஒரே பகுதி இரண்டு தடவை வந்து நின்றது. பில்டு மறுபடியும் உடைந்தது.

ராஜகுமாரி காப்பி டம்ளரோடு பரணில் ஏறி மெயிலைத் திறந்தார். மேலே இருந்த கடிதம் இப்படி ஆரம்பித்தது: 'அன்புள்ள ராஜகுமாரி, உங்கள் மாற்றத்துக்குப் பிறகு இந்த இடத்தில் பில்டு நிற்கிறது. நேரம் இருக்கும்போது பார்க்க முடியுமா?' அனுப்பியவர் ராஜகுமாரி. நகல் நாற்பத்தொரு பேருக்கு.

கடைசி வரி வரைக்கும் படித்தார். 'யார் பார்க்கப்போவது என்று முதலில் ஒரு வரி சொல்லிவிட்டால், இன்னொருவர் அதே வேலையைச் செய்யாமல் இருப்பார்.' எழுதும்போது எவ்வளவு மரியாதையாகத் தெரிந்த வரி! வாங்கிக்கொள்ளும்போதுதான் அது எங்கே சுடுகிறது என்று தெரிந்தது. மூஞ்சியில் ஈயாடவில்லை.

போன் அடித்தது. ஜெயமுருகன்.

"அக்கா, நீங்க ஏன் பயப்படுறீங்க? உங்களுது காலைலயே ஏறிருச்சு. அவருது சாயங்காலம்தான். முந்துனது நீங்கதான், அவரை எடுக்கச் சொல்லுங்க."

"அவரு வெள்ளிக்கிழமை ஆபீஸ விட்டுக் கெளம்புனா திங்கக்கிழமைதான் தம்பி மெயிலு பாப்பாரு. இன்னைக்குள்ள ரெண்டு திருத்தத்தையும் வச்சுப் பேசி முடிக்க முடியாது."

"அப்ப நான் நீல்ஸ்கிட்ட டயம் கேக்குறேன்."

"ரெண்டு வருசமா டயம்தான கேட்டுக்கிட்டு இருக்கோம்."

ஜெயமுருகன் குரலைத் தாழ்த்தினார். "உங்களுத எடுக்கணும்னா எனக்கு ஒரு நிமிசம்கா," என்றார். பிறகு அவசரமாக, "எடுக்கச் சொல்லிச் சொல்லல," என்றார்.

ராஜகுமாரி யானிக்கின் திருத்தத்தைத் திறந்து படித்தார். அதில் ஏதாவது குறை இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசையாக இருந்தது. இல்லை, நன்றாகத்தான் எழுதியிருந்தார் பாவி. இந்தச் சிப்புக்கு மட்டுமில்லாமல் இன்னும் மூன்று சிப்புக்கும் சேர்த்துப் பொதுவான இடத்தில் வைத்திருந்தார்.

சேனாதிபதி கீழே கேரட் கழுவும் தொட்டியில் நின்றுகொண்டிருந்தார். இறங்கி வந்த மனைவியைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"என்ன புள்ள, மூஞ்சி செத்துக் கெடக்கு?"

ராஜகுமாரி எல்லாவற்றையும் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப நீயும் ஊன்டிருக்க, அந்தாளும் அதே குழியில ஊன்டிருக்காரு."

"ஆமா."

"ஒன்னப் பிடுங்கணும். எதப் பிடுங்குனா வெரசா சோலி முடியும்?"

"என்னுதத்தான்."

சேனாதிபதி கையைத் துண்டில் துடைத்தார். "நல்லா வந்திருந்துச்சா?" என்று கேட்டார்.

"பதினோரு வரிங்க. நல்லா வந்திருந்துச்சு," என்றார் ராஜகுமாரி. அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. பதினோரு வரிக்கு அழுவார்களா என்று கேட்காதீர்கள், அவர் அழுதார். சேனாதிபதி ஒரு கேரட்டைக் கழுவிக் கையில் கொடுத்தார். ராஜகுமாரி அதைக் கடித்துத் தின்று முடித்துவிட்டுத்தான் பரணுக்கு ஏறினார்.

நாற்பத்தொரு பேருக்கும் எழுதினார். 'என் மாற்றத்துக்குப் பிறகுதான் உடைந்தது. நான் எடுத்துச் செய்வதை யாருக்கும் சொல்லாமல் செய்தேன். உங்களிடம் எதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேனோ அதை நானே செய்யவில்லை. யானிக்கின் திருத்தம் என்னுடையதைவிடச் சிறந்தது. ஜெயமுருகன், என்னுடையதை எடுத்துவிடுங்கள்.' இரண்டு தடவை படித்துவிட்டு அனுப்பினார். அரை மணி நேரத்தில் 'எடுத்தாச்சு' என்று பதில் வந்தது. கூடவே ஜெயமுருகன் கைகூப்பும் படம் ஒன்றைத் தனியாகப் போனுக்கு அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை வெள்ளனே பார்த்தால் டவரே இல்லை. கரண்டு போய், டவரில் டீசலும் தீர்ந்துவிட்டதாம். மெஷின்கள் கட்டிப் பார்த்து முடித்திருக்கும். முடிவைப் பார்த்து நீல்ஸுக்குச் சொல்ல வேண்டும். இங்கே உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் கடந்துவிடும். சேனாதிபதி ஜீப்பில் கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார், பெருமாள்மலையில் லாரிக்குக் கொடுக்க. ராஜகுமாரி மடிக்கணினியை அணைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். கவுஞ்சியில் சிக்னல் இல்லை. மன்னவனூரில் வந்தது போல் வந்து ஏமாற்றியது. பூம்பாறைக்கு மேலே ஒரு வளைவில் நாலு கோடு காட்டியதும், "நிப்பாட்டுங்க," என்றார்.

பில்டு ஓடியிருந்தது. ஒன்பது பெட்டிக்கும் உரிய பகுதி முழுக்கப் பச்சை. அவர் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார்.

அதற்கு மேலேயே நீல்ஸின் கடிதம் ஒன்று, மூன்று மணி நேரத்துக்கு முன்னால் வந்தது, காத்துக்கொண்டிருந்தது. 'பில்டு சரியாகிவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் இந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் உடைந்தால் நான் யாரைக் கேட்பது? மாலைக்குள் ஒரு பெயர் வரட்டும். வராவிட்டால் நீக்குவதைத் தவிர எனக்கு வழியில்லை.'

கீழே ஒரு பதில்கூட இல்லை. நாற்பத்தொரு பேரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தார்கள். ராஜகுமாரிக்கு அவர்கள்மேல் கோபமாக வந்தது. ஒருத்தராவது சொல்லக் கூடாதா? யாராவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான், நாற்பத்தொரு பேரும் தன்னைப் போலவே பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று அவருக்கு உறைத்தது.

திருத்தம் எழுதவே பயந்தவர். எழுதிய ஒன்றையும் தன் கையாலேயே எடுத்தவர். இனி இந்தச் சிப்பில் என்னென்ன உடையும், தனக்கு அதெல்லாம் தெரியுமா, ஒன்றுமே தெரியாது. இருந்தாலும் அடித்தார். 'நான் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் எதுவும் செய்யவில்லை. ஆனால் இனி நான்தான். ராஜகுமாரி, போளூர்.'

அனுப்பும் முன்னால் கணவரிடம் படித்துக் காட்டினார்.

"கொஞ்ச நாளு செஞ்சு பாத்துட்டு, நல்லா வந்த பெறகு சொன்னாப் போதாதா?" என்றார் சேனாதிபதி.

"இது முடியிற சோலியில்லங்க. முடிஞ்ச பெறகு சொல்லலாம்னா சொல்லவே முடியாது," என்று சொல்லிவிட்டு அனுப்பினார்.

கொடைக்கானல் தாண்டி ஜீப் பெருமாள்மலைக்கு வந்து சேரும்போது நீல்ஸின் பதில் வந்துவிட்டது. பெயரைப் போட்டுவிட்டாராம். அதற்கு அடியில், சனிக்கிழமை மெயிலே பார்க்காத யானிக், ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: 'அந்தப் பதினோரு வரியைப் படித்தேன். அடுத்ததை எல்லோருக்கும் அனுப்புங்கள், நான் சரிபார்க்கிறேன்.' ராஜகுமாரி அந்த வரியை மூன்று தடவை படித்தார்.

மூட்டைகளை இறக்கிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் திருமலைச்சாமி தெரிந்தவர். டீயை வைத்துவிட்டு, "என்னங்க, இன்னைக்கு வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வந்துருக்கீங்க?" என்றார்.

சேனாதிபதி, ஊன்றின பூண்டு எத்தனை மூட்டை என்று கூடப் பிறந்தவனிடம்கூட வாய் திறக்காதவர். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம காட்டுப் பெட்டிக்குள்ள ஓடுதுல்ல, அதுக்கு இனிமே இவதான் பொறுப்பு. ஒலகம் பூராத்துக்கும் இவதான். இன்னைக்குத்தான் பேரு போட்டாங்க," என்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

ராஜகுமாரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "சும்மா இருங்க, இன்னும் ஒன்னுமே செய்யல," என்று முழங்கையால் இடித்தார்.

"அதான் ஊன்டியாச்சுல்ல," என்றார் சேனாதிபதி. "மொளைக்கும்."